கெசியா அண்ணியின் செட் புடவை

எங்கள் சர்ச்சில் ஒரு பேச்சு உண்டு. "கெசியாவுக்கு மொத்தமே நாலு துணிதான், பாவம்." இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு இல்லை ஐயா, பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. மற்ற தட்டுகளில் என் அண்ணன் சட்டையும் போர்வையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் கிடக்கின்றன. அந்த ஒரே தட்டை வைத்துக்கொண்டு அவள் ஜம்மென்று நடந்து வரும்போது, மூன்று பீரோ வைத்திருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் 'பாவம்' என்கிறார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன?

நான் ஜோவிதா. கெசியா என் அண்ணன் ஜோனத்தானின் மனைவி. செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில் கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். அண்ணி குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாத்தனார் எழுதுகிறாளே, அண்ணியைப் பற்றி நல்லதாக எழுதுவாளா என்று சந்தேகப்படாதீர்கள். எங்களுக்குள்ளும் சண்டை வரும். மொட்டைமாடிக் கொடியில் யார் முதலில் துணி காயப்போடுவது என்று வாரம் ஒரு தகராறாவது உண்டு. ஆனால் இது பாட்டு விஷயம். பாட்டு என்றால் நான் அண்ணி கட்சி.

வீட்டில் அவள் பாடினால் அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். பள்ளியில் அல்ஜீப்ரா நடத்தவே தொண்டை போதாது. அவள் குரல் முழுசாகத் திறக்கிற இடம் நானும் பாடுகிற எங்கள் சர்ச் குவயர் ஒன்றுதான். அதிலும் டிசம்பரில் வரும் கேரல் சர்வீஸ். விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். பின்வாசல் பக்கத்திலிருந்து, கீபோர்டு துணைகூட இல்லாமல், ஒரே ஒரு பெண்குரல் முதல் சரணத்தைப் பாடும். அது முடிந்த பிறகுதான் குவயர் மெழுகுவர்த்தியோடு நடுவழியே நடந்து மேடைக்குப் போகும். அந்த ஒற்றைக் குரல் பல வருஷமாக அண்ணியுடையது. அந்தச் சரணத்துக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க மற்ற பாட்டுகளைப் பாடுகிறாள் என்றுகூட எனக்குத் தோன்றும். போன கிறிஸ்துமஸுக்கு அதைத்தான் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். காரணம், ஒரு புடவை.

ஆதியில் அண்ணியும் எல்லோரையும் போலத்தான். முடிச்சூரில் குடியிருந்தபோது அவள் பீரோவைத் திறந்தால் துணி நம் மேல் விழும். ஒவ்வொரு புடவைக்கும் அதற்கென்று ஒரு மேட்சிங் பிளவுஸ், மேட்சிங் வளையல், மேட்சிங் கிளிப். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு உதவாது. காலையில் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், இவள் பீரோ முன்னால் நின்று, "கட்டிக்க ஒண்ணுமே இல்ல" என்று கண் கலங்குவாள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

பிறகு அந்தப் பெருமழை வருஷம் வந்தது. அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து பீரோவின் மேல்தட்டுவரை ஏறியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பட்டு, சிந்தெடிக் எல்லாம் ஒரே சேற்றுக் கட்டி. நிவாரணம் என்று மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. சேற்றில் நிற்கிறவளுக்கு யாரோ ஒரு புண்ணியவதி கல் வைத்த லெஹங்கா அனுப்பியிருந்தாள். பேன்ட் இல்லாத டாப், டாப் இல்லாத ஷால். எதை எதனோடு சேர்ப்பது? அண்ணி எல்லாவற்றையும் அப்படியே மடித்து வைத்துவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் நேவி ப்ளூவில் ஒரு குர்தா, வெள்ளையில் ஒரு குர்தா, கறுப்பிலும் சாம்பலிலும் பேன்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். எதிலும் பூ இல்லை, பொட்டு இல்லை. அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே அந்தப் பள்ளி வருஷத்தை ஓட்டினாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுமட்டுமா? பள்ளிக்கு வந்த ஒரு பையனின் அம்மா, "மிஸ், நீங்க எங்க ட்ரெஸ் எடுக்கிறீங்க? ரொம்ப ஸ்டைலா இருக்கே" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணி என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஜோவி, பீரோ வழிய வழிய இருந்தப்ப தினமும் அழுதேன். இப்ப கண்ண மூடிட்டு கைய விட்டாக்கூட எது வந்தாலும் எதோடயும் சேருது. அப்ப இவ்வளவு நாள் நான் எதுக்கு அழுதேன்?"

அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். நீலம், வெள்ளை, சாம்பல், கறுப்பு. நடுவில் கண்ணுக்கு ஒரு மாற்றமாகச் செங்கல் நிறம். புதிதாக ஒன்று வாங்கினால் அது வீட்டில் இருப்பதில் மூன்றோடாவது சேர வேண்டும். சேராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே இருக்கட்டும் என்று வந்துவிடுவாள். துணியைக் கைக்குள் வைத்துக் கசக்கிப் பார்ப்பாள், கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். விற்கிற பையன்கள், "மேடம், இது நியூ அரைவல்" என்று விரித்தால், "தம்பி, புதுசு வேணாம்பா. போட்டுப் போட்டுப் பழசானாலும் நல்லா இருக்கறது காட்டு" என்பாள். அவர்கள் முழிப்பார்கள்.

தையலில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. "தோள்ல சரியா உட்காரலன்னா பட்டா இருந்தாலும் சாக்குதான்" என்று டெய்லரை மூன்று தடவை பிரிக்க வைப்பாள். வெள்ளையில் முழங்கை அளவு கை வைத்த ஒரு பிளவுஸ் இருக்கிறது. அது அவளிடம் இருக்கிற எல்லாப் புடவைக்கும் போகும். கொண்டையை இழுத்துப் போட்டு, காதில் ஒரு சின்ன வளையத்தோடு அவள் கிளம்பி நின்றால், நான் மாடியிலிருந்து விசிலடித்திருக்கிறேன்.

சர்ச்சில் ஒருத்தி ஒருமுறை கேட்டாள். "கெசியா, இதே புடவையத்தான ஈஸ்டருக்கும் கட்டின?"

"ஆமா. ஈஸ்டருக்கு வந்ததும் இதே கெசியாதான்" என்றாள் அண்ணி.

சரி, புடவைக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்குக் குவயர் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி புதுப் புடவை எடுப்பது எங்கள் சர்ச் வழக்கம். அதற்குப் பெயர் செட் புடவை. ஒரு வருஷம் கிளிப்பச்சை, ஒரு வருஷம் வெங்காயத் தோல் கலர், ஒரு வருஷம் என்ன நிறமென்று எடுத்தவர்களுக்கே தெரியாத ஒரு நிறம். மேடையில் ஒரு சாயங்காலம் மின்னும். அப்புறம் அதைத் தனியாகக் கட்டிக்கொண்டு எங்கே போவது? கட்டினால் எதிரே இன்னொருத்தி அதே புடவையில் வருவாள். எல்லாம் பீரோவுக்குள் செத்துக் கிடக்கும். தேர்ந்தெடுப்பவர் ரத்தினபாய் ஆன்ட்டி, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. நல்ல மனுஷிதான், உதவி என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் அவர் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் ஆண்டவரே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது. அதனால் அண்ணியும் முணுமுணுத்துக்கொண்டே வருஷாவருஷம் எடுத்தாள்.

போன வருஷம் அவர் ஒரு செப்பு நிற டிஷ்யூ புடவையைக் கொண்டுவந்து விரித்தார். உடம்பெல்லாம் ஜிகினா. ஒத்திகை அறையே பளபளத்தது. எல்லோரும் "சூப்பர் ஆன்ட்டி" என்றோம். அண்ணி எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, பெரிய வெள்ளிக்குக் கட்டுற வெள்ளைப் புடவை நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. இந்த வருஷம் அதையே கட்டுவோமே. பிளவுஸ் மட்டும் அவங்கவங்க கலர். மெழுகுவர்த்தி வெளிச்சத்துல எவ்வளவு அழகா இருக்கும்!"

"வெள்ளையா? கிறிஸ்துமஸுக்கா? துக்க வீட்டுக்குப் பாடப் போறோமா?"

"எனக்கு ஒரு நாள் கட்டிட்டுத் தூக்கிப் போடுற புடவை வேண்டாம் ஆன்ட்டி. நான் எடுக்கல."

ரத்தினபாய் ஆன்ட்டி டிஷ்யூவை மடித்தார். "செட் புடவை கட்டாதவங்க குவயர்ல பாட முடியாது. ஒரு ஒழுங்குன்னு இருக்கு" என்றார். அண்ணி குவயர் மாஸ்டர் அசரியா சாரைப் பார்த்தாள். அவர் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார். "அது லேடீஸ் நீங்களே பேசி முடிவு பண்ணுங்கம்மா" என்றார். கோழை! இத்தனை வருஷம் அந்தக் குரலை வைத்துத்தானே பேர் வாங்கினார்?

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது அண்ணி என் பின்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கே பொறுக்கவில்லை. "ஒரே ஒரு நாள்தான அண்ணி, கட்டிட்டுப் பாடிட்டு வந்துடேன்" என்றேன்.

"ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு நாள்தான் ஜோவி. அப்படித்தான் அந்த பீரோ ரொம்பிச்சு. பாடுறதுக்குத் தொண்டை வேணும், ஜிகினா எதுக்கு? நான் கட்ட மாட்டேன். ஆனா பாடாம எப்படி இருப்பேன்னும் தெரியல."

இந்த நிலைமையில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல் தாங்காமல் அண்ணன் காரை விற்றுவிட்டு ரயிலில் ஆபீஸ் போக ஆரம்பித்திருந்தான். அண்ணியோ அதே துணிகளையே கட்டுகிறாள், செட் புடவையும் எடுக்க மாட்டேன் என்கிறாள். ரத்தினபாய் ஆன்ட்டி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கவர். காபி குடித்தார்கள். ஊர்க்கதை பேசினார்கள். எதற்கு வந்தார்கள் என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்புமுன் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போவார்கள். வாயால் சொல்லத் தயங்குவதையெல்லாம் ஜெபத்தில்தான் சொல்வார்கள். ஜெபத்தின் நடுவில் யாரும் குறுக்கே பேசவும் முடியாது. எல்லோரும் கண்ணை மூடினோம். ஆன்ட்டி உருக்கமாக ஆரம்பித்தார்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, இந்தக் குடும்பத்தின் கஷ்டங்களை நீர் அறிவீர். காரையும் இழந்து, உடுத்த மாற்றுத் துணியும் இல்லாமல் தவிக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு இரங்கும். மகள் கெசியா தன் வறுமையை மறைக்கப் பேசிய வார்த்தைகளையும் மன்னியும்…"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அண்ணி முகம் செக்கச்சிவந்திருந்தது. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஆமென் சொல்லிவிட்டு ஆன்ட்டி எழுந்து கவரை நீட்டினார். வருஷாவருஷம் சங்கம் ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கிற கிறிஸ்துமஸ் கவர். எல்லாக் கவரிலும் ஒரே மாதிரி கேக்கும் ஒரு புடவையும் இருக்கும்.

அண்ணி கவரை வாங்கி டீப்பாயில் வைத்தாள். "உட்காருங்க ஆன்ட்டி. நானும் ஒரு ஜெபம் பண்ணிடறேன்" என்றாள். ஜெபம் என்றால் மறுக்க முடியுமா? உட்கார்ந்தார்கள். கண்ணை மூடினார்கள்.

"அன்பின் தகப்பனே, எங்க வீட்டுல ஒரு கஷ்டமும் இல்ல, அது உமக்கே தெரியும். காரை நாங்கதான் வித்தோம். துணியை நான்தான் கொறைச்சேன். மூடாத பீரோவை வெச்சுக்கிட்டு தினமும் கட்டிக்க ஒண்ணுமில்லன்னு தவிக்கிற சகோதரிகளுக்கு நீர் இரங்கும். ஒரே புடவையை ரெண்டு தடவை கட்டினா அது வறுமைன்னு நெனைக்கிற மனசையும் மாத்தும். பாட்டைக் கொடுத்தது நீர், புடவை இல்ல. அதை யாரும் பிடுங்காம பார்த்துக்கொள்ளும். ஆமென்."

ஆமென் சொன்னது நான் ஒருத்திதான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆன்ட்டி விருட்டென்று எழுந்தார். "ஜெபத்தையே சண்டையாக்கிட்டல்ல?" என்று கேட்டுவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கினார். மறுநாள் அசரியா சார் எனக்கு போன் பண்ணினார். முதல் சரணத்தை இந்த வருஷம் நான் பாட வேண்டுமாம். எனக்குக் கீழ்ஸ்தாயி, ஆல்ட்டோ குரல், அந்த உச்சிக்குப் போனால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும், அது அவருக்கும் தெரியும்.

அண்ணி அந்தக் கவரைத் திருப்பி அனுப்பத்தான் எடுத்தாள். புடவை கையில் பட்டதும் நின்றாள். வெளியே எடுத்துக் கசக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். நல்ல கெட்டிப் பருத்தி. கடுகு நிறம். ஜிகினா இல்லை, பூ இல்லை, கரையில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு மட்டும்.

"ஜோவி, இந்த மாதிரி ஒண்ணுக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கேன் தெரியுமா? மின்னலன்னு இதை ஏழைங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க பாரேன்!"

யாருக்கோ போக வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பு. புடவை இருந்த கடைப் பையின் பெயரைப் பார்த்து அதே கடைக்குப் போய் அதே புடவை ஒன்று வாங்கி வந்தோம். கேக்கோடு அதைச் சேர்த்து, சங்கத்தார் கவர் கொடுக்கிற அன்றைக்கு நானே அந்தக் குவியலில் வைத்துவிட்டு வந்தேன். முதலில் வந்த புடவை அண்ணியின் தட்டுக்குப் போனது. என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கேரல் சர்வீஸ் சாயங்காலம் சர்ச் பின்வாசலில் நாங்கள் எல்லோரும் செப்பு டிஷ்யூவில் வரிசையாக நின்றோம். புடவை குத்தியது, நிற்க மாட்டாமல் வழுக்கியது. அப்போது அண்ணி வந்தாள். கடுகு நிறப் பருத்தி, மடிப்பு கலையாமல். மேலே அந்த வெள்ளை பிளவுஸ். எங்கள் வரிசையே திரும்பிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் எல்லோரும் சாக்லேட் காகிதம் சுற்றின மாதிரி இருந்தோம். அவள் ஒருத்திதான் புடவை கட்டியிருந்தாள்.

ரத்தினபாய் ஆன்ட்டிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கிட்டே வந்து, யார் காதிலும் விழாமல், "கெசியா, இது ஏழைங்களுக்குக் கொடுத்த புடவை. இதைக் கட்டிட்டா வருவ? செட் இல்லாம பாட முடியாதுன்னு சொன்னேன்ல?" என்றார்.

"செட்டுதான் ஆன்ட்டி கட்டியிருக்கேன்" என்றாள் அண்ணி. "நீங்க எடுத்துக் கொடுத்த செட்டு. அங்க பாருங்க."

கடைசி பெஞ்சுகளைக் காட்டினாள். சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கிற பெண்கள், சங்கத்தில் கவர் வாங்கினவர்கள், கிறிஸ்துமஸுக்கு என்று கிடைத்த அந்த ஒரே புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பெஞ்சு நிறையக் கடுகு நிறம். அண்ணி அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

விளக்கை அணைத்தார்கள். இருட்டில் அசரியா சார் எனக்குச் சுருதி கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மறுபடியும் கொடுத்தார். நான் இன்னும் கெட்டியாக மூடிக்கொண்டேன். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து அண்ணி பாடினாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. கோபமெல்லாம் அந்தக் குரலில் இருந்தது, ஆனால் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. உச்சியில் போய் நின்று இறங்கியபோது முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். அசரியா சார் கையைத் தூக்கி எங்களை நடக்கச் சொல்லவே மறந்துவிட்டார். குவயர் தானாகவே மேடைக்கு நடந்தது. அண்ணி நடக்கவில்லை. கடைசி வரை அந்தப் பெஞ்சிலேயே நின்று எல்லாப் பாட்டையும் பாடினாள்.

சர்வீஸ் முடிந்து வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பின்தெரு தாயாரம்மாள், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் பெருக்குகிற அக்கா, அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பொடவய கட்டினு வரவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பாத்தவுடனே தர்மப் பொடவன்னு தெரிஞ்சிபூடும்ல? வராமலே வூட்டுல இருந்துரலாம்னுகூட பாத்தேன். நீ இத்தயே கட்டினு பக்கத்துல வந்து நின்னு பாடுனப்ப, யப்பா, இன்னா கெத்து! நாளைலேர்ந்து கம்பெனிக்கே இத்த கட்டினு போவேன், எவ இன்னா சொல்றான்னு பாக்குறேன்."

ரத்தினபாய் ஆன்ட்டி கேக் தட்டோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொடுக்கிற கை இத்தனை வருஷமாக என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவர் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் செட் எடுக்கப் போறப்ப நீயும் கடைக்கு வா, கெசியா" என்றார்.

"வரேன் ஆன்ட்டி" என்றாள் அண்ணி. "ஆனா ஒரே புடவைதான் எடுக்கணும். மேடையில நிக்கிற நமக்கும், பின்னாடி பெஞ்சுல உட்கார்ற இவங்களுக்கும்."